நைட் ட்யூட்டி வழக்கமா, பழக்கமா? ‘யூஸ்டு டு’ படுத்தும் பாடு

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்றால் போதும், ஒரே பேச்சில் மூன்று மொழி காதில் விழும். தமிழில் தொடங்குவார்கள், நடுவில் மலையாளத்துக்கு வளைவார்கள், இங்கிலீஷில் கொண்டுபோய் முடிப்பார்கள். அந்த இங்கிலீஷில் அடிக்கடி வருவது ‘யூஸ்டு டு’. ‘ஐ யூஸ்டு டு கோ பை திஸ் பஸ்’ என்று ஒருவர் சொல்வார். சொல்லிக்கொண்டே அதே பஸ்ஸில் ஏறுவார். ‘ஐ யூஸ்டு டு திஸ் க்ரவுட்’ என்று இன்னொருவர் அவர் பின்னால் இடித்துக்கொண்டு ஏறுவார். இரண்டும் தப்பு. ஆனால் யாருக்கும் புரியாமல் போவதில்லை, ஏனென்றால் கேட்கிறவரும் நம்மைப் போலத்தான் பேசுகிறவர்.

நம்மைப் போலப் பேசாத ஒருவர் எதிரில் உட்காரும்போதுதான் வில்லங்கம்.

மார்த்தாண்டத்தில் ஒரு மாடியறையில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நர்சுகள். வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிறவர்கள். அதில் ஒரு பிள்ளைக்கு வீடியோவில் நேர்காணல் நடந்தது. நைட் ட்யூட்டி பார்ப்பதில் சிரமம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இவள் உற்சாகமாக, ‘நோ மேடம், ஐ யூஸ்டு டு டூ நைட் ட்யூட்டி’ என்றிருக்கிறாள். அந்த அம்மா குறிப்பேட்டில் ஏதோ எழுதிவிட்டு, ‘எப்போது நிறுத்தினீர்கள்? உடம்புக்கு ஏதாவதா?’ என்று கேட்டாராம். ஆறு வருஷமாக மாதத்தில் பத்து ராத்திரி கண்விழிக்கிற பிள்ளை அது. திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் கேட்டாள்: “சாரே, நான் நிறுத்தினேன்னு எப்ப சொன்னேன்?”

சொல்லியிருந்தாள். ‘யூஸ்டு டு டூ’ என்றாலே நிறுத்தியாயிற்று என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இலக்கணப் புத்தகம் வேண்டாம். தமிழ் தெரிந்தால் போதும், பக்கத்து மலையாளம் கொஞ்சம் தெரிந்தால் இன்னும் நல்லது.

ஒரே பெயரில் இரண்டு பேர்

எங்கள் பக்கம் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், பெயரோடு ஒட்டி நிற்பதை வைத்துப் பிரிப்போம். ஆட்டோ செல்லப்பன், சாயாக்கடை செல்லப்பன். வெறும் செல்லப்பன் என்றால் ‘எந்தச் செல்லப்பன்?’ என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

‘யூஸ்டு டு’வும் அப்படித்தான். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, ஆனால் ஆள் இரண்டு. ஒருவர் பழைய கதை சொல்கிறவர்: ‘அந்தக் காலத்தில் அப்படிச் செய்வோம், இப்போது இல்லை.’ மற்றவர், ‘இதெல்லாம் எனக்குப் பழகிப்போனதுதான்’ என்று தோளைக் குலுக்குகிறவர். யார் எவர் என்று தெரிந்துகொள்ள இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் ‘ஆம், இஸ், ஆர், வாஸ்’ மாதிரி ஒரு சின்னச் சொல் நிற்கிறதா? பின்னால் வருவது என்ன?

என் சித்தப்பாவை வைத்தே இரண்டையும் காட்டிவிடலாம். குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருக்குப் பால்வெட்டு வேலை. ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் எங்களூரில் பால்வெட்டு என்போம். வெயில் ஏற ஏறப் பால் ஒழுகுவது குறைந்துவிடும். அதனால் மூன்று மணிக்கே எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார். முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடா மாதிரி உரித்துக் கூடையில் போடுவார். பிறகு கத்தியைச் சாய்த்து வைத்து, பட்டையில் ஒரு நூல் கனத்துக்குச் சீவுவார். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் வராது. வெள்ளையாக ஒரு கோடு கிளம்பி, சரிவில் இறங்கிச் சிரட்டையில் சொட்டும். அதற்குள் அவர் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார்.

முட்டுவலி வந்த பிறகு வேலையை விட்டுவிட்டார். ஆனாலும் மூன்று மணிக்குக் கண் திறந்துவிடும். எழுந்து உட்கார்ந்து ரேடியோவைத் திருகுவார், சித்தி திட்டுவாள்.

இப்போது இங்கிலீஷுக்கு வருவோம். ‘மை அங்கிள் யூஸ்டு டு டாப் ரப்பர்.’ சித்தப்பா பால் வெட்டிக்கொண்டிருந்தார், இப்போது வெட்டுவதில்லை. ‘மை அங்கிள் இஸ் யூஸ்டு டு வேக்கிங் அப் அட் த்ரீ.’ மூன்று மணிக்கு எழுவது அவருக்குப் பழகிவிட்டது, இன்றைக்கும் அப்படித்தான். முதல் வாக்கியத்தில் வேலை போய்விட்டது. இரண்டாவதில் பழக்கம் போகவில்லை. நடுவில் நிற்கிற குட்டி ‘இஸ்’ஸை எடுத்துவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

முதல் ஆள்: கதவு சாத்திய கதை

முதல் ‘யூஸ்டு டு’வுக்கு முன்னால் ‘ஆம், இஸ்’ எதுவும் வராது. பின்னால் வருவது வினையடி. வினையடி என்றால் எப்போது, யார் என்று காட்டும் எதுவும் ஒட்டாத மொட்டை வினை: தமிழில் போ, வா, வெட்டு, இங்கிலீஷில் கோ, கம், டாப். ‘யூஸ்டு டு கோ’ சரி. ‘யூஸ்டு டு வென்ட்’, ‘யூஸ்டு டு கோயிங்’ இரண்டும் இந்த ஆளுக்கு ஒத்துவராது.

இது இரண்டு வகையான சேதிக்கு உதவும். ஒன்று, திரும்பத் திரும்பச் செய்த வேலை: பால் வெட்டியது, சைக்கிளில் பள்ளிக்கூடம் போனது. இன்னொன்று, நீண்ட நாள் இருந்த ஒரு நிலை. இதற்கு எங்கள் மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ‘கன்னியாகுமரி யூஸ்டு டு பி பார்ட் ஆஃப் ட்ராவன்கூர்.’ கன்னியாகுமரி திருவிதாங்கூரோடு இருந்தது, இப்போது இல்லை. ‘பத்மநாபபுரம் யூஸ்டு டு பி த கேபிடல் ஆஃப் ட்ராவன்கூர்.’ தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அரண்மனை ஊர் ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகரம். (இன்றைக்கும் அரண்மனை இருக்கிற மண் தமிழ்நாடு, பார்த்துக்கொள்கிறது கேரள அரசு. எல்லைப் பக்கத்தில் இப்படித்தான், எதுவும் முழுதாக ஒரு பக்கம் போய்விடாது.)

இனி இதைப் போடக்கூடாத இடம். ஒரே ஒரு தடவை நடந்ததற்கு ‘யூஸ்டு டு’ வராது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அது ஒரே நாளில், ஒரே தடவை நடந்த காரியம். அதனால் ‘ஜாயின்ட்’ என்று சாதாரண இறந்தகாலம் போதும். ‘யூஸ்டு டு ஜாயின்’ என்றால் வருஷா வருஷம் சேர்ந்து சேர்ந்து பிரிந்த மாதிரி ஆகிவிடும்.

அதேபோல எத்தனை வருஷம், எத்தனை தடவை என்று கணக்குச் சொல்லிவிட்டால் ‘யூஸ்டு டு’வுக்கு அங்கே வேலையில்லை. திருவனந்தபுரத்தில் ஐந்து வருஷம் இருந்தேன் என்பதற்கு ‘ஐ லிவ்ட் இன் ட்ரிவாண்ட்ரம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றே சொல்லலாம். ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் ட்ரிவாண்ட்ரம்’ என்றால் கணக்கில்லாமல், ‘ஒரு காலத்தில் அங்கே இருந்தேன்’ என்ற தொனி.

‘இப்போது இல்லை’ என்பது அந்தச் சொல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறதா என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. கண்டிப்பான சட்டமாக இல்லை. ‘ஐ யூஸ்டு டு ப்ளே வாலிபால், அண்ட் ஐ ஸ்டில் டூ’ என்று பின்னால் ஒரு ஒட்டுப் போட்டு, இன்னும் ஆடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அப்படி ஒட்டுப் போடாவிட்டால், கேட்கிறவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்பார். நம் நர்ஸ் பிள்ளை ஒட்டுப் போடவில்லை.

எதிர்காலத்தில் சொல்லும் இறந்தகாலம்

இந்த முதல் ஆள் நமக்கு அந்நியமே இல்லை. தாத்தா பாட்டி பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ‘அப்பல்லாம் விடியக்காலத்துல ஆத்துக்குக் குளிக்கப் போவோம். வந்ததும் மரச்சீனி அவிச்சு வெச்சிருப்பா. சம்மந்தியைத் தொட்டுத் திம்போம்.’ (மரச்சீனி என்றால் மரவள்ளிக்கிழங்கு, சம்மந்தி என்றால் துவையல்.) போவோம், வெச்சிருப்பா, திம்போம். எல்லாம் எதிர்கால வினை! ஆனால் பேசுவது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. நாளைக்கு ஆற்றுக்குப் போகப்போகிறார்கள் என்று எந்தப் பேரனும் நினைப்பதில்லை.

தமிழில் ‘போவோம்’ என்பது எதிர்காலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. வாடிக்கையாக நடப்பதற்கும் அதே வடிவம்தான். ‘அப்பல்லாம்’ என்ற ஒரு சொல்லை முன்னால் வைத்துவிட்டால் அந்த வாடிக்கை பழைய காலத்துக்குப் போய்விடும். இந்த ‘அப்பல்லாம் போவோம்’தான் ‘வீ யூஸ்டு டு கோ’.

மலையாளம் இன்னும் வெளிப்படையாகச் செய்யும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் பாறசாலைக்காரர் ‘போகும்’ என்பதோடு ‘ஆயிருந்நு’ சேர்த்து ‘போகுமாயிருந்நு’ என்பார். வாடிக்கைக்கு ஒரு துண்டு, ‘அது அப்போது’ என்பதற்கு ஒரு துண்டு. ‘யூஸ்டு டு கோ’வுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் எல்லையோரப் பிள்ளைகளிடம் நான் சொல்வது: ‘போகுமாயிருந்நு’ என்று சொல்லத் தோன்றுகிற இடமா, கண்ணை மூடிக்கொண்டு ‘யூஸ்டு டு’ போடு.

இங்கிலீஷும் இந்த வித்தையை இன்னொரு சொல்லில் செய்கிறது. எதிர்காலத்துக்கு வரும் ‘வில்’லின் பழைய வடிவம் ‘வுட்’. ‘எவ்ரி மார்னிங் வீ வுட் கோ டு த ரிவர்’ என்றாலும் ஆற்றுக்குப் போவோம் என்ற அதே பழங்கதைதான். மூன்று மொழியும் எதிர்காலத்தைப் பிடித்து இறந்தகாலத்துக்குள் தள்ளுவதைப் பார்க்க எனக்கு இன்னும் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு: ‘வுட்’ செய்கிற வேலைக்கு மட்டும், இருந்த நிலைக்கு வராது. இந்த முக்கில் ஒரு புளியமரம் நின்றது என்பதற்கு ‘தேர் யூஸ்டு டு பி எ டாமரிண்ட் ட்ரீ ஹியர்’தான், ‘வுட் பி’ என்றால் மரம் இனிமேல்தான் முளைக்கப்போகிறதோ என்று கேட்பார்கள்.

இதுவரை பார்த்தது: முன்னால் ‘ஆம், இஸ்’ இல்லாமல், பின்னால் வினையடியோடு வந்தால் அது பழங்கதை. தமிழில் ‘அப்பல்லாம் போவோம்’, மலையாளத்தில் ‘போகுமாயிருந்நு’. ஒரே தடவை நடந்ததற்கும், வருஷக் கணக்குச் சொல்லுமிடத்துக்கும் வேண்டாம்.

இரண்டாம் ஆள்: பழகிப்போனவர்

இரண்டாவது ‘யூஸ்டு டு’ காலத்தைப் பற்றிய பேச்சே இல்லை. மனமும் உடம்பும் ஒன்றுக்கு இணங்கிப்போனதைச் சொல்கிறது. முதல் தடவை நைட் ட்யூட்டி பார்த்தபோது விடியக்காலை நாலு மணிக்குக் கண் சொருகியிருக்கும். ஆறு மாதத்தில் சொருகாது. அந்த மாறுதலுக்குத்தான் இது.

இதற்கு முன்னால் ‘ஆம், இஸ், ஆர், வாஸ்’ கட்டாயம். ‘ஐ ஆம் யூஸ்டு டு நைட் ட்யூட்டி.’ பின்னால் பெயர்ச்சொல். நைட் ட்யூட்டி, குளிர், சத்தம், காரம், எதுவானாலும் சரி.

செயலைச் சொல்ல வேண்டுமானால்? இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ‘டு’வுக்குப் பின்னால் வினையடிதான் வரும் என்று பள்ளிக்கூடத்தில் பதியவைத்துவிட்டார்கள். அதனால் ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க் அட் நைட்’ என்று எழுதிவிடுகிறோம். வர வேண்டியது ‘டு வொர்க்கிங்’.

ஏன் ‘இங்’? தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். ‘குளிருக்குப் பழகிவிட்டேன்’ என்கிறோம். குளிரோடு ஒட்டியிருக்கும் ‘கு’தான் வேற்றுமை உருபு. அது பெயர்ச்சொல்லோடுதான் ஒட்டும். ‘விழிக்குப் பழகிவிட்டேன்’ என்று வினையடியோடு ஒட்டினால், என்ன, கண்ணைச் சொல்கிறாயா என்பார்கள். ‘விழிப்பதற்கு’ என்று முதலில் வினையைப் பெயராக்கிக்கொண்டு, அப்புறம்தான் ‘கு’ போடுகிறோம். இப்படி வினையிலிருந்து ஆக்கிய பெயருக்குத் தொழிற்பெயர் என்று பெயர்: விழிப்பது, வெட்டுவது, எழுவது.

இந்த இரண்டாம் ஆளின் ‘டு’ நம் ‘கு’ மாதிரி. ‘வேக்கிங்’ நம் ‘எழுவது’ மாதிரி. ‘டு வேக்கிங்’ என்றால் ‘எழுவதற்கு’. முதல் ஆளின் ‘டு’ இந்த ஜாதி இல்லை. அது வினையடியோடு ஒட்டிப் பிறந்தது. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் நாம் ஏமாறுகிறோம்.

பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுசாகப் பழகவில்லை என்றால் ‘கெட்’ வரும். ‘யூ வில் கெட் யூஸ்டு டு இட்’ என்றால் போகப்போகப் பழகிவிடும். ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு த கோல்ட்’ என்றால் குளிர் இப்போதுதான் பழகிவருகிறது. ‘ஆம்’ போட்டால் பழகி முடிந்த நிலை, ‘கெட்’ போட்டால் பழகும் வழி.

இந்த ஆளுக்கு எந்தக் காலமும் சரி. ‘ஐ வாஸ் யூஸ்டு டு’ என்றால் அப்போது பழகியிருந்தேன். ‘ஐ வில் கெட் யூஸ்டு டு’ என்றால் இனிமேல் பழகிவிடும். முதல் ஆளுக்கு இந்த வசதி கிடையாது. அவர் பழைய காலத்தை விட்டு அசையமாட்டார்.

அந்த ‘ஆம்’ எங்கே போய் விழுகிறது?

இது சோம்பேறித்தனத்தால் வரும் தப்பில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது. ‘எனக்கு நைட் ட்யூட்டி பழக்கம்.’ இதில் வினை எங்கே? இல்லை. ‘நான் நர்ஸ்’ என்றாலும் அப்படித்தான். இரண்டு பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நமக்கு வாக்கியம் முடிந்துவிடும். இங்கிலீஷுக்கு முடியாது, நடுவில் ஒரு ‘ஆம்’ நின்றாக வேண்டும். ‘ஐ நர்ஸ்’ என்று நாம் சொல்வதில்லை, ஏனென்றால் முதல் வகுப்பிலிருந்தே ‘ஐ ஆம்’ என்று வாயில் ஏறிவிட்டது. ஆனால் ‘யூஸ்டு டு’ வரும்போது, ‘யூஸ்டு’ என்பது பார்க்க வினை மாதிரி இருப்பதால், வாக்கியத்துக்கு ஒரு வினை கிடைத்துவிட்டதென்று மனசு திருப்திப்பட்டு ‘ஆம்’மை விட்டுவிடுகிறது. இங்கே ‘யூஸ்டு’ வினையில்லை. அது ‘பழகிய’ என்பது மாதிரி ஒரு அடைமொழி. ‘ஐ ஆம் டயர்ட்’டில் வரும் ‘டயர்ட்’ மாதிரி. ‘ஐ டயர்ட்’ என்பீர்களா?

இன்னொரு சின்ன விஷயம். தமிழில் ‘எனக்குக் குளிர் பழகிப்போச்சு’ என்கிறோம். பழகியது குளிர், எனக்கு. இங்கிலீஷில் பழகியது நான், குளிருக்கு. யார் யாருக்குப் பழகினார்கள் என்பது தலைகீழ். ‘த கோல்ட் இஸ் யூஸ்டு டு மீ’ என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். குளிர் இவனோடு சகஜமாகிவிட்டது என்று அர்த்தம். சிவப்பு மையால் அடிக்க மனசு வரவில்லை.

சுருக்கமாக: பழகிப்போனதைச் சொல்ல ‘ஆம்’ அல்லது ‘கெட்’ முன்னால், பெயர்ச்சொல் அல்லது ‘இங்’ பின்னால்.

இன்றும் நடப்பதற்கு என்ன சொல்வது?

பஸ் ஸ்டாண்டில் ‘ஐ யூஸ்டு டு கோ பை திஸ் பஸ்’ என்றவரிடம் வருவோம். அவர் சொல்ல நினைத்தது, ‘இந்த பஸ்ஸில்தான் போவது வழக்கம்.’ தமிழில் ‘போவது வழக்கம்’ என்பது நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். இவர் அதை அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிக்கொண்டு போனார். மலையாளத்தில் ‘போகாறுண்டு’ என்று இன்றைய வழக்கத்துக்கே தனி வடிவம் இருக்கிறது. அதுவும் பின்னாலிருந்து தள்ளுகிறது.

இன்றைய வழக்கத்துக்கு இங்கிலீஷில் ‘யூஸ் டு’ இல்லை. ஒரு காலத்தில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 119-ஆம் சங்கீதத்தின் 132-ஆம் வசனத்தைப் பாருங்கள்: ‘ஆஸ் தவ் யூஸெஸ்ட் டு டூ’ என்று நிகழ்காலத்திலேயே நிற்கிறது. நீர் வழக்கமாய்ச் செய்கிறபடி என்ற பொருள். பிற்பாடு அந்த நிகழ்கால வடிவம் வழக்கொழிந்து, இறந்தகாலம் மட்டும் மிஞ்சியது. ஆகவே ‘ஐ யூஸ் டு கோ டு சர்ச் எவ்ரி சண்டே’ என்கிறவர் நானூறு வருஷம் பிந்தி வந்தவர், அவ்வளவுதான். இப்போது ‘ஐ கோ டு சர்ச் எவ்ரி சண்டே’ என்றாலே வழக்கம் வந்துவிடும். வேண்டுமானால் ‘யூஷுவலி’ சேர்த்துக்கொள்ளலாம். ‘ஐ யூஷுவலி கோ பை திஸ் பஸ்.’

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை என்று நர்சுகளுக்குச் சொல்லும்போது நான் ஒரு உதாரணம்தான் வைத்திருக்கிறேன். ட்யூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றி அடுத்தவரிடம் ஒப்படைக்கிறீர்கள். அவர் தினமும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவது வழக்கம். அதை ‘ஹி யூஸ்டு டு டேக் மெட்ஃபார்மின்’ என்று சொல்லிவிட்டீர்கள். கேட்டவர் என்ன எழுதுவார்? மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று. ‘ஹி டேக்ஸ் மெட்ஃபார்மின்’ என்ற மூன்று சொல்லில் அந்த ஆபத்து தீர்ந்தது. இதைச் சொன்னதும் வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘ஹி யூஸ்டு டு ட்ரிங்க்’ என்று மனைவி சொன்னால் குடியை விட்டவர் என்று பொருள். கட்டிலில் கிடக்கிறவர் மூச்சில் வேறு சேதி இருக்கும்.

‘இல்லை’யும் ‘உண்டா’வும்

முதல் ஆளுக்கு எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘டிட்’ வரும். ‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும். அதனால் எழுத்தில் ‘யூஸ்டு’வின் கடைசி ‘டி’ விழுந்துவிடும். ‘ஐ டிட்ன்ட் யூஸ் டு லைக் டீ.’ முன்னே எனக்கு டீ பிடிக்காது, இப்போது பிடிக்கும். ‘டிட் யூ யூஸ் டு லிவ் ஹியர்?’ முன்பு இங்கே இருந்தீர்களா? காதுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ‘யூஸ்டு’வின் கடைசி ஒலியும் ‘டு’வின் முதல் ஒலியும் ஒட்டிக்கொள்கின்றன. எழுதும்போதுதான் அகப்பட்டுக்கொள்வோம். இரண்டாம் ஆளுக்கு இந்த வம்பே கிடையாது: ‘ஐ ஆம் நாட் யூஸ்டு டு த ரெயின்.’ ‘டி’ அப்படியே இருக்கும்.

கத்தியும் தொண்டையும்

மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவர் இந்தக் குடும்பமே இல்லை, பெயர்தான் ஒத்துப்போகிறது. ‘திஸ் நைஃப் இஸ் யூஸ்டு டு டாப் ரப்பர்.’ இந்தக் கத்தி பால் வெட்டப் பயன்படுகிறது. முன்னால் ‘இஸ்’ இருக்கிறது, பின்னால் வினையடி இருக்கிறது. கத்தி பால் வெட்டிப் பழகியிருக்கிறது என்று மொழிபெயர்த்தவர்களும் என் வகுப்பில் உண்டு. இது ‘யூஸ்’, அதாவது பயன்படுத்து என்ற சாதாரண வினை. ஆளைப் பற்றியில்லாமல் பொருளைப் பற்றிப் பேசி, எதற்கு என்று சொன்னால் பெரும்பாலும் இவர்தான்.

எழுத்தில் மூன்றும் ஒன்று. வாயில் இவர் மட்டும் வேறு. தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது, அதனால் விரலைப் பயன்படுத்துங்கள். தொண்டைக் குழியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பாம்பு சீறுகிற மாதிரி ‘ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள். விரலில் ஒன்றும் தெரியாது. இப்போது தேனீ ரீங்காரம் மாதிரி சொல்லுங்கள், தொண்டை அதிரும். கத்தியின் ‘யூஸ்டு’வில் தேனீ. சித்தப்பாவின் ‘யூஸ்டு’ இரண்டிலும் பாம்பு. முன்னொரு காலத்தில் எல்லாமே தேனீதான். ‘டு’வோடு சேர்த்துச் சேர்த்து வேகமாகச் சொன்னதில் இரண்டில் அதிர்வு அடங்கிவிட்டது.

சித்தப்பாவின் கத்தி இப்போது அடுக்களை ஓட்டுச் சந்தில் சொருகிக் கிடக்கிறது. நுனி வளைந்த கத்தி. வெண்டைக்காய்கூட நறுக்க உதவாது என்று சித்தி அதைத் தொடுவதேயில்லை. அது முன்பு பால் வெட்டப் பயன்பட்டது, இப்போது இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று போர்டில் எழுதிப்போட்டேன். நேர்காணலில் திகைத்துப்போன அதே பிள்ளைதான் எழுந்தாள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: ‘திஸ் நைஃப் யூஸ்டு டு பி யூஸ்டு டு டாப் ரப்பர்.’

முதலில் பாம்பு, அப்புறம் தேனீ. இரண்டும் சரியாக இருந்தது.